பெப்டைடுக்கு ஒரு பொன்னாடை

அரசாங்கத்தில் எதுவும் தானாக நடக்காது. நடந்தால் அது விபத்து. அதற்கு விசாரணை உண்டு. ஒரு காரியம் நடந்தது என்றால் அதைச் செய்தவர் ஒருவர், செய்யச் சொன்னவர் ஒருவர், செய்ததைப் பார்வையிட்டவர் ஒருவர், கடைசியில் நாடாவை வெட்டியவர் ஒருவர் என்று நாலு பேராவது இருந்தாக வேண்டும். இவர்களில் முதல் ஆள் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, மற்ற மூவரை வைத்து விழாவை நடத்திவிடலாம். இந்த உயர்ந்த தத்துவத்தின் மேல்தான் செங்கல்பட்டில், ஏரிப் பக்கமாக ஒரு மாடிக் கட்டடத்தில், 'புதுவகை மருந்துகள் முன்னனுமதி மேற்பார்வைப் பிரிவு' இயங்கிவந்தது. இயங்கிவந்தது என்று நானாகச் சொல்லவில்லை, அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது மின்விசிறி இயங்கியது.

நான் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துச் சேதிகளை ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன். அதனால் இந்த விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

ஒரு திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்கு முனைவர் திவ்யா வந்து சேர்ந்தார். திருப்போரூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. சின்ன வயதிலேயே ஒரு உருப்படியான காரியத்தைச் செய்து முடித்துவிட்டவர். ஆகையால் அலுவலக நடைமுறை தெரியாதவர். புரதத்தின் மிகச் சிறிய துண்டுக்கு பெப்டைடு என்று பெயர். திவ்யா உண்டாக்கிய பெப்டைடு, புட்டியில் இருக்கும்போது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். மருந்தைக் கலந்து புண்ணில் ஊற்றினால், உடம்புச் சூடும் உப்பும் பட்டதும் அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டு நூலாகும். நூல்கள் பின்னி வலையாகும். புண்ணுக்குள்ளேயே மெல்லிய பசையாக உறைந்துவிடும். வலைக்குள் மாட்டிய மருந்து நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து புண்ணை ஆற்றும். இதை யாரும் கிண்ட வேண்டாம், தைக்க வேண்டாம், மேய்க்க வேண்டாம். உறைகிற அரைமணி நேரம் சும்மா விட்டால் போதும்.

'சும்மா விட்டால் போதும்' என்பதை ஒரு சின்ன நிபந்தனை என்று திவ்யா நினைத்துவிட்டார். பாவம், படித்த பெண்.

இந்த மருந்துக்காக ஒரு கால் காத்துக்கொண்டிருந்தது. அது ஹயாத் பாஷாவின் வலது கால். ஹயாத் பாஷா சதுரங்கப்பட்டினத்துக்காரர்; அங்கிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதி. பெருவிரலுக்குக் கீழே வந்த ஒரு புண் எந்த மருந்துக்கும் ஆறாமல் உட்கார்ந்துகொண்டது. திருக்கழுக்குன்றம் சாலையில் கால் புண்ணுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் வைத்திருந்த டாக்டர் ஜாய்ஸ், பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம். அதுக்குள்ள ஆறலைன்னா பாதத்துல பாதிய எடுத்துடணும் பாய். விட்டா முழங்கால் வரைக்கும் போயிடும்."

"ஆட்டோல பிரேக் எந்தக் கால்ல கீதுன்னு தெரியுமா டாக்டரம்மா?"

"வலது கால்ல."

"அத்த எட்துட்டா, வண்டிய நிறுத்தணும்னா கடல்லதான் வுடணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்தில் இருந்த மனைவி ராபியா சிரிக்கவில்லை. இருபது வருஷமாக அந்த ஆட்டோதான் அவர்கள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள்.

திவ்யாவின் மருந்தைப் பற்றி ஜாய்ஸுக்குத் தெரியும். அவரே திவ்யாவை வரவழைத்தார். திவ்யா புட்டியைக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் ராபியாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"நோம்புக்கு கடல்பாசி காய்ச்சித் தட்டுல ஊத்துவோமே, அந்தமாரி. ஊத்தி வெச்சிட்டு ஆட்டாம வுட்டா அதுவா உறைஞ்சிக்கும். எங்கூட்ல இந்த மனுசன் உறைஞ்சிச்சா உறைஞ்சிச்சான்னு வெரல வுட்டுப் பாத்துகினே இருப்பாரு. கடைசில ஸ்பூன் போட்டுக் குடிக்கணும்."

"அதேதாங்க," என்றார் திவ்யா. "விரல் விடாம இருந்தா போதும்."

மருந்து தயார், டாக்டர் தயார், கால் தயார். முன்னனுமதி ஒன்றுதான் பாக்கி.

பிரிவின் துணை இயக்குநர் திருவேங்கடம் நேர்மையானவர், சுறுசுறுப்பானவர். ஒரே ஒரு பழக்கம் உண்டு: எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். தொட்டுப் பார்த்த பிறகும் போடமாட்டார் என்பது வேறு விஷயம். அவர் திவ்யாவின் விண்ணப்பத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"கூட்டிச் சேர்ப்பவர் யாருன்னு கேட்டிருக்கு. நீங்க 'தானாகவே கூடிக்கொள்ளும்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அதுதான் இதோட சிறப்பே."

"சிறப்பு இருக்கட்டும்மா. யார் கூட்டிச் சேர்க்கிறது?"

"யாரும் இல்ல சார்."

திருவேங்கடம் பேனாவை மூடி வைத்தார். மணியை அடித்துக் கண்காணிப்பாளர் பூங்கொடியை அழைத்தார். விதிமுறைகள் அனைத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடிய அம்மையார் அவர். பெரும்பாலும் தலைகீழாகத்தான் சொல்வார்.

"கூட்டிச் சேர்க்கிறதுக்கு யாருமே இல்லையாம் மேடம்."

"அப்ப பணியிடம் காலி சார்," என்றார் பூங்கொடி.

"ஐயோ, அப்படி ஒரு பணியிடமே இல்லைங்க," என்றார் திவ்யா.

"இல்லாத பணியிடத்துல ஆள் இல்லாம எப்படிம்மா போகும்? ஆள் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. ஆள் இல்லைன்னா காலி. காலின்னா பணியிடம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

திவ்யா இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வாதாடிப் பட்டம் வாங்கியவர். இந்த வாதம் அந்த இரண்டிலும் பாடத்தில் இல்லை.

"காலிப் பணியிடத்தை அப்படியே விடக்கூடாது," என்று யோசனையில் ஆழ்ந்தார் திருவேங்கடம். "யாராவது கூடுதல் பொறுப்பா ஏத்துக்கணும். யார் இருக்கா?"

இருவரும் சிறிது நேரம் அடக்கத்துடன் கூரையைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் இவ்வளவு வேகமாக வந்த ஆணை வேறில்லை என்று பூங்கொடியே ஆச்சரியப்பட்டார். திருவேங்கடம் அன்றுமுதல் 'பெப்டைடு தற்கூடல் கண்காணிப்பு அலுவலர் (கூடுதல் பொறுப்பு)' ஆனார். பெயர்ப்பலகை வந்தது. அந்தப் பெயருக்குப் பலகை போதாமல் இன்னொரு பலகையும் வந்தது. ஜீப் வந்தது. திவ்யாவுக்கு அனுமதி மட்டும் வரவில்லை.

"பொறுப்பை ஏத்துக்கிட்டேன். பொருளைப் பார்க்க வேணாமா?" என்று நியாயமாகக் கேட்டார் திருவேங்கடம்.

"கண்ணுக்குத் தெரியாது சார். ஒரு தலைமுடியைப் பல ஆயிரம் கூறு போட்டா அதுல ஒரு கூறு அளவுதான் இருக்கும். நானோ அளவு."

"அப்படின்னா பெருசா ஒரு மாதிரி செஞ்சு வைங்க. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கிறேன்."

பெரிதாக ஒரு மாதிரி என்றால் நம் மாவட்டத்தில் யாரிடம் போவார்கள்? மாமல்லபுரத்தில் முத்துசாமி ஸ்தபதியிடம் போனார்கள். இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போவதைத் திவ்யா தாளில் வரைந்து காட்டினார்.

"ரெண்டு பாம்பு பின்னிகினு நிக்கிறமாரி இருக்கணுமா?" என்று கேட்டார் முத்துசாமி.

"கிட்டத்தட்ட," என்றார் திவ்யா. அவர் வாழ்க்கையில் அதைவிடக் கவலையில்லாமல் சொன்ன வார்த்தை வேறு கிடையாது.

ஆள் உயரத்துக்குக் கருங்கல் பெப்டைடு தயாராயிற்று. முத்துசாமி கை தேர்ந்தவர், இழை ஒவ்வொன்றின் நுனியையும் மொட்டையாக விட அவருக்கு மனம் வரவில்லை. பாம்புப் படம் போல லேசாக விரித்திருந்தார். அதை மாடி அலுவலகத்தில் ஏற்றினால் தளம் இறங்கிவிடும் என்று பொதுப்பணிக்காரர்கள் பயந்தார்கள். கூடல் நடக்கப்போகிற இடத்திலேயே வைப்பதுதான் பொருத்தம் என்று தீர்மானித்து, ஜாய்ஸின் சிகிச்சை நிலைய வாசலில், வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். திருவேங்கடம் வந்து மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துத் திருப்தி தெரிவித்தார்; கையெழுத்து மட்டும் போடவில்லை.

வேப்பமரத்தடியில் பின்னிக்கொண்டு நிற்கிற கருங்கல்லை நம் ஜனங்கள் எத்தனை நாள் சும்மா விடுவார்கள்? மறுநாள் காலையில் அதற்கு மஞ்சள் பூசியிருந்தது. அடுத்த நாள் குங்குமம், பால், முட்டை. வெள்ளிக்கிழமை யாரோ சிவப்புப் பாவாடை கட்டிவிட்டார்கள். கால் புண்ணோடு சிகிச்சைக்கு வந்தவர்கள் உள்ளே போகும்போதும் வரும்போதும் கும்பிட்டார்கள். சில பேருக்குப் புண் ஆறியது. டாக்டர் ஜாய்ஸ் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவிக் கட்டிய புண்கள்தான் அவை. ஆனால் பெயர் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. அலுவலகம் வைத்த பலகையில் 'நானோ' என்று ஒரு சொல் இருந்ததால் 'நானோ நாகாத்தம்மன்' என்று பெயரும் நிலைத்துவிட்டது.

பிறகு கடற்கரைச் சாலை முழுக்கவே நானோ பிடித்துக்கொண்டது. கோவளத்தில் நானோ டீ போட்டார்கள். அதே டீதான், தம்ளர் சின்னது. முட்டுக்காட்டில் பாதி தூரம் போய்த் திரும்புகிற படகுக்கு நானோ சவாரி. மாமல்லபுரத்து அழகு நிலையம் ஒன்றில் நானோ ஃபேஷியல். முகத்தில் ஒரு கன்னத்துக்கு மட்டும். எங்கள் பத்திரிகை ஆசிரியர் கூட 'இனி உங்களுக்கு நானோ சம்பளம்' என்று வேடிக்கை போலச் சொல்லி, வேடிக்கை இல்லாமல் கொடுத்தார்.

இதில் உண்மையாகவே பலன் கண்டது ஹயாத் பாஷாவின் ஆட்டோ. அம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தை ஏற்ற வண்டி போதவில்லை.

"அண்ணாத்த, நானோ அம்மன் கோயிலாண்ட நிக்குமா?"

"நிக்கும், ஏறு."

"கால்ல எப்பேர்ப்பட்ட புண்ணா இருந்தாலும் ஆறிடுதாமே?"

"அப்டித்தான் சொல்லிகிறாங்க," என்று சொல்லி, கட்டுப் போட்ட காலால் பிரேக்கை மிதித்துப் பல்லைக் கடித்துக்கொள்வார் ஹயாத் பாஷா. சவாரி கூடக்கூட மிதி கூடியது. மிதி கூடக்கூடப் புண் பெரிதாகியது. புண்ணுக்கு மருந்து கிடைக்காமல் போனதற்குக் காரணமான கல்லைப் பார்க்க, புண்காரர்களை அந்தப் புண்காலாலேயே பிரேக்கை மிதித்துக் கொண்டுபோய் இறக்கினார். எனக்கு இதை எழுதும்போதுகூட எரிச்சலாக வருகிறது. ஆனால் அப்போது எழுதியது 'பக்தர்கள் வெள்ளம்' என்றுதான்.

ஜாய்ஸ் கொடுத்த கெடுவில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. விரல் ஒன்று கறுக்கத் தொடங்கியது. ராபியா திவ்யாவின் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, கல்லுக்கு மட்டும் அபிசேகம் நடக்குது. மனுசன் காலு அழுகிகினு கீது. எப்பம்மா ஊத்துவ?"

திவ்யா அன்றே செங்கல்பட்டுக்கு ஓடினார். அனுமதிக்கு முன் ஒரு நேரடி விளக்கம் வேண்டும் என்றார்கள். திருவேங்கடம், பூங்கொடி முன்னிலையில் ஒரு கண்ணாடித் தட்டில் வெதுவெதுப்பான உப்புநீரை வைத்து, மருந்தை ஊற்றினார். தண்ணீர் மெதுவாகக் கலங்கிக் கெட்டிப்படத் தொடங்கியது.

"கூடுதா?" என்றார் திருவேங்கடம்.

"கூடுது சார். அரைமணி நேரம் தொடாம—"

திருவேங்கடம் பேனா முனையால் ஒரு குத்துக் குத்தினார். பிறகு தட்டை எடுத்துக் குலுக்கினார். வலை அறுந்து, மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் வழிந்துவிட்டது.

"கலைஞ்சுபோச்சே! தொட்டாக் கலையற பொருளுக்கு நான் எப்படிம்மா பொறுப்பேத்துக்கிறது?"

திவ்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க தொடலைன்னா கலையாது சார். பக்கத்துல அதிகாரி யாரும் இல்லாம இருந்தா இது ரொம்ப நல்லாவே கூடும்."

பூங்கொடி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவா பேசுங்கம்மா. அதிகாரி பக்கத்துல இல்லாதப்பதான் நல்லா நடக்கிற காரியம் ஒண்ணு இருக்குன்னு வெளியே தெரிஞ்சா, நாளைக்கு மத்த துறைக்காரங்க முகத்துல நாங்க எப்படி முழிக்கிறது?"

ஆனாலும் திருவேங்கடம் இரக்கமுள்ளவர். ஒரு நோயாளிக்கு, ஒரே ஒரு முறை, அனுமதி வழங்கினார். கூடல் தொடங்கியதிலிருந்து முடியும் வரை கண்காணிப்பு அலுவலர் அருகில் அமர்ந்து, அவ்வப்போது விரலால் தொட்டு, கூடல் திருப்திகரமாக முன்னேறுவதை உறுதி செய்துகொள்வார் என்பது மட்டும் நிபந்தனை.

ஆணையைப் படித்துவிட்டு திவ்யா சிகிச்சை நிலையத்து வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜாய்ஸ் சொன்னார்: "இதுதான் கடைசி. இது தவறினா நான் கத்திய எடுத்துத்தான் ஆகணும்."

ராபியா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த ஆபீசரு வெரல வுடுவாரா?"

"விடுவார்."

"நிச்சயமா?"

"பெப்டைடு சேருமோ சேராதோ, அவர் விரலை விடுறது நிச்சயம்."

ராபியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். நேராகத் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே கட்சிக்காரர்களுக்கும் கல்யாணக்காரர்களுக்கும் பொருள் விற்கிற ஒரு கடையில், பளபளவென்று ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

குறித்த நாளில் சிகிச்சை நிலையம் விழாக்கோலம் பூண்டது. திருவேங்கடம் கையுறை மாட்டிக்கொண்டு, ஹயாத் பாஷாவின் காலடியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பூங்கொடி பக்கத்தில். ஜாய்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து முடிக்க, திவ்யா மருந்தை ஊற்றினார். ஹயாத் பாஷா கண்ணை மூடிக்கொண்டார். புண்ணுக்குள் தண்ணீர் மெதுவாகக் கலங்கியது. திருவேங்கடத்தின் சுட்டுவிரல் நீண்டது.

"சார்," என்று வாசலில் ராபியாவின் குரல். "வெளிய நானோ அம்மன் முன்னாடி ஜனம் காத்துகினு கீது. செலய வெச்ச ஆபீசருக்குப் பொன்னாடை போத்தணுமாம்."

விரல் பாதி வழியில் நின்றது.

"பொன்னாடையா? பணி நேரத்தில் அதெல்லாம்..." என்றார் திருவேங்கடம். சொல்லும்போதே எழுந்து நின்றுவிட்டிருந்தார். கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். "மக்கள் அன்பை மறுக்கிறதும் தப்பு. என்ன மேடம்?"

"ரெண்டு நிமிஷத்துல வந்துடலாம் சார்," என்று பூங்கொடியும் எழுந்தார்.

வெளியே கூட்டம் என்றைக்கும் போல இருந்தது. பொன்னாடையை எடுத்து ஒரு பெரியவர் கையில் கொடுத்து, 'இவரு போத்துவாரு' என்று ராபியாவே ஏற்பாடு செய்தார். போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். யாரும் கேட்காமலேயே திருவேங்கடம், "நான்கு வார்த்தைகள் மட்டும்" என்று ஆரம்பித்தார். விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதைப் பற்றியும், தாம் இல்லாவிட்டால் பின்னிக்கொள்ள வழியில்லாமல் போயிருக்கும் என்பதைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். முடிக்கப் பார்த்த போதெல்லாம் ராபியா முதல் ஆளாகக் கை தட்டினார். கை தட்டினால் மறுபடி தொடங்குகிற வகை அவர்.

உள்ளே மூன்று பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

"தும்மல் வர்றமாரி கீது," என்றார் ஹயாத் பாஷா.

"வரக்கூடாது," என்றார்கள் ஜாய்ஸும் திவ்யாவும் ஒரே குரலில்.

திருவேங்கடம் பொன்னாடையோடு திரும்பி வந்தபோது எல்லாம் உறைந்து முடிந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. "நான் சொன்னேன்ல?" என்றார்.

புண் ஆறியது. கறுத்த விரலில் நிறம் திரும்பியது. கட்டைப் பிரித்த அன்று ஹயாத் பாஷா ஆட்டோவில் ஏறி, பிரேக்கை ஒரு மிதி மிதித்து, வண்டி நின்றதும் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். ராபியா அப்போதுதான் சிரித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். நல்லது நடந்தால் அறிக்கை எழுத வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது.

'கண்காணிப்பு அலுவலரின் இடையறாத நேரடிக் கண்காணிப்பின் பயனாய்' புண் ஆறியதாகத் திருவேங்கடம் எழுதினார். எனவே மேலும் பல நோயாளிகளுக்கு இதே முறையில் சிகிச்சை தர அனுமதி வந்தது. இதே முறையில் என்றால் இதே முறையில்தான். திருவேங்கடம் ஒவ்வொரு முறையும் கையுறையோடு வந்து உட்கார்ந்தார். விஷயம் தெரிந்த குடும்பங்கள் பொன்னாடையோடு வந்து, சரியான நேரத்தில் அவரை வெளியே அழைத்தன. அவர்களுக்குப் புண் ஆறியது. விஷயம் தெரியாத அப்பாவிகள் வெறும் கையோடு வந்தார்கள். அவர்கள் புண்ணில் திருவேங்கடம் கடமை தவறாமல் விரலை விட்டார். ஆறவில்லை. திவ்யா ஒவ்வொருவர் காதிலும் பொன்னாடையைப் பற்றிச் சொல்லப் பார்த்தார். பூங்கொடி அதைத் தடுத்தார்: நோயாளிகளுக்குள் பாரபட்சம் காட்டக்கூடாதாம்.

திவ்யா பொய் சொல்லத் தெரியாத விஞ்ஞானி. நடந்ததை நடந்தபடி அட்டவணை போட்டார். பொன்னாடை இருந்தவர்களுக்கு ஆறியது, இல்லாதவர்களுக்கு ஆறவில்லை. ஏன் என்பதை அட்டவணைக்குக் கீழே மூன்று பக்கம் விளக்கி எழுதினார்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு நட்சத்திர விடுதியில் வல்லுநர் குழு கூடியது. நிருபர் என்ற முறையில் நானும் போனேன். மதியச் சாப்பாட்டில் வஞ்சிரம் இருப்பதாகத் தகவல். குழு உறுப்பினர்கள் அட்டவணையைப் படித்தார்கள். கீழே மூன்று பக்கம் இருந்ததால் அதைப் படிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு தெளிவா தெரியுது," என்றார் தலைவர். "பெப்டைடு ஆறினவங்களுக்கும் கொடுத்திருக்கு, ஆறாதவங்களுக்கும் கொடுத்திருக்கு. ஆக, ஆறினதுக்கும் பெப்டைடுக்கும் சம்பந்தம் இல்லை. பொன்னாடை? ஆறினவங்களுக்கு மட்டும்தான் இருந்திருக்கு."

"சந்தேகத்துக்கே இடமில்லை சார்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அப்ப எதுக்கு இந்த பெப்டைடுச் செலவு? நேரடியாப் பொன்னாடையவே கொடுத்துடலாமே?"

திவ்யா எழுந்தார். கை நிறையக் காகிதங்கள். முகம் சிவந்திருந்தது. "சார், இது அபத்தம். நான் கொஞ்சம் விளக்கணும். அவர் வெளியே போனதாலதான்—"

"நிச்சயமா விளக்கணும்," என்று தலைவர் கனிவோடு சொன்னார். "அதுக்கு முன்னாடி, இந்த அரிய உண்மையை உலகத்துக்கு வெளிக்கொணர்ந்த முனைவர் திவ்யா அவர்களைப் பாராட்டி, குழுவின் சார்பில் பொன்னாடை அணிவித்துக் கௌரவிக்கிறோம்."

இரண்டு அம்மையார்கள் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார்கள். படம் எடுப்பவர்கள் முன்னால் ஓடினார்கள். கை நிறையக் காகிதங்களோடு பொன்னாடை வாங்க முடியாது. திவ்யா காகிதங்களை மேசைமேல் வைத்தார். தோளைச் சற்றே தாழ்த்திக் கொடுத்தார். எதிரில் படம் எடுக்கிறார்கள் என்றால் சிரிக்காமல் இருக்க முடியுமா? கை கூப்பி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சிரித்தார். அவர் மறுபடி உட்கார்ந்தபோது தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. அவர் கை கூப்பியதையும் சம்மதமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பத்திரிகைத் துறைக்கு அடுத்ததாக ஒரு பொன்னாடை உண்டு என்று காலையிலேயே காதில் போட்டிருந்தார்கள்.

இப்போது பொன்னாடைத் திட்டம் நன்றாக நடக்கிறது. கால் புண்ணோடு வருகிற ஒவ்வொருவருக்கும் இலவசமாக ஒரு பொன்னாடை. இந்த ஐப்பசி மழையில் ஹயாத் பாஷாவுக்கு இடது காலிலும் ஒரு புண் வந்தது. போய் வரிசையில் நின்றார். காலைச் சுற்றி ஜரிகை தெரியப் போர்த்திவிட்டு, படம் எடுத்து அனுப்பிவைத்தார்கள். பத்து நாளில் புண் இரண்டு மடங்காயிற்று.

ராபியா அந்தப் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திருப்போரூருக்குப் பஸ் ஏறினார். ஆராய்ச்சிக்கூடத்தில் திவ்யா தனியாக இருந்தார். அவர் மேசைக்குப் பின்னால், சுவரில், பொன்னாடையோடு கை கூப்பிச் சிரிக்கிற அவர் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"அந்த மருந்து இன்னும் கீதாம்மா?"

"குளிர்பெட்டியில இருக்குங்க. ஆனா மருந்துத் திட்டத்தை மூடிட்டாங்க. யார்கிட்டயாவது மறுபடி அனுமதி வாங்கணும். யார்கிட்ட வாங்கறதுன்னுதான் எனக்கே தெரியல."

ராபியா சுவரில் இருந்த படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பையிலிருந்து பொன்னாடையை எடுத்து உதறினார்.

"இந்தவாட்டி யாருக்குப் போத்தணும்னு மட்டும் சொல்லும்மா. ஒனக்கேதானா?"